பிளேட்டின் பின்பக்கம்

ஆகஸ்ட் 11, திங்கள்

சர்க்கரை 7.2. வெறும் வயிற்றில் ஏழைத் தாண்டக் கூடாதாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தினமும் காலையில் சர்க்கரை அளவை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கூடவே அன்றைக்கு என்ன செய்தேன், என்ன சாப்பிட்டேன் என்றும் நாலு வரி எழுத வேண்டுமாம். சாப்பிட்டதை உள்ளபடி எழுதினால் டாக்டருக்குத்தான் ரத்தக் கொதிப்பு வரும். அதனால் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

கடை திறந்தது ஒன்பது மணிக்கு. தைப்பிங்கில் நம்பர் பிளேட் செய்கிற கடைகள் நாலைந்து உண்டு. முப்பத்தொரு வருஷமாக ஒரே இடத்தில் இருப்பது என் கடை மட்டும்தான். தம்பி நாகேந்திரன் இன்று கடைக்கு வரவில்லை. செயற்கைக் கால் உரசிப் புண்ணாகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்.

பத்து மணிக்கு வைத்திலிங்கம் என்று ஒருவர் வந்தார். வயது எழுபத்து நாலு. தோட்ட ஆபீஸில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவராம். கணக்கு எழுதி எழுதிக் கூன் விழுந்த முதுகு. இன்னும் எல்லாரும் கிராணியார் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். மகள் ஓட்டிவந்த காடியில் வந்தவர், இரண்டு பிளேட்டுகளைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். 2000-ஆம் ஆண்டு விளையாட்டு விழாவின் நினைவாக விட்ட நம்பர் தொடர். இடது ஓரத்தில் வட்டத்துக்குள் மூக்குப் பெருத்த ஹோர்ன்பில் பறவை இருக்கும். அந்தத் தொடர் முடிந்து பல காலம் ஆகிவிட்டது. புதிதாக வாங்க வழியில்லை. தேய்ந்தால் போக்குவரத்து இலாகாவின் கடிதம் பார்த்து என்னைப் போன்றவர்கள்தான் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

31-ஆம் தேதி ஏரிப் பூங்காவைச் சுற்றி இந்த பிளேட் வைத்திருப்பவர்கள் ஊர்வலம் போகிறார்களாம், இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக. 28-ஆம் தேதி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஏதோ பழைய கதையும் சொன்னார். நான் முழுக்கக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சர்க்கரை 7.5.

பின் பிளேட்டு தொழிற்சாலையில் அச்சடித்தது. எழுத்துகளில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, பறவையின் மூக்கு வெளுத்திருக்கிறது. நாகா இரண்டு நாளில் முடித்துவிடுவான். தூரிகை பிடிப்பதில் அவனுக்கு ஈடு இந்த ஊரில் இல்லை. நான் தகடு வெட்டுவேன், துளை போடுவேன், எழுத்து ஒட்டுவேன். பெயின்ட் அவன் வேலை.

முன் பிளேட்டு தொழிற்சாலையில் செய்தது இல்லை. யாரோ கையால் செய்தது. அலுமினியத் தகடு, ஒட்டிய எழுத்துகள், கையால் வரைந்த பறவை. அதை நானே செய்கிறேன் என்று நாகாவிடம் சொன்னேன். அவன் ஒரு புருவத்தைத் தூக்கினான். என் பெயின்ட் வேலையைப் பார்த்திருக்கிறான் அல்லவா.

மதியம் சப்பாத்தி. மூன்று என்று எழுதினால் பொய்.

ஆகஸ்ட் 13, புதன்

சர்க்கரை 8.1. மழை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சர்க்கரை 8.0.

பினாங்கில் உள்ள ஒரு லோரிக் கம்பெனிக்குப் பன்னிரண்டு பிளேட்டுகள். மாலைவரை அதே வேலை.

நாகா பின் பிளேட்டை முடித்துவிட்டான். பறவை பறந்துவிடும் போல இருக்கிறது. முன் பிளேட்டு எங்கே என்று கேட்டான். மேசைக்கு அடியில் இருக்கிறது என்றேன். எடுத்துப் பார்க்கக் குனிந்தான். காலைக் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்ததால் குனிய முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம். தூரத்தில் பிடித்து முன்பக்கத்தை மட்டும் காட்டினேன்.

யார் செய்தது என்று கேட்டான். ஈப்போவில் யாரோ செய்தார்களாம் என்றேன். "கை நம்ம கை மாதிரி இருக்கேண்ணே" என்றான். எல்லாரும் ஒரே மாதிரிதான் ஒட்டுகிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வழக்கம்போல் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான். அந்த சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன், அவன் கால் நீட்ட. இருபத்தொரு வருஷமாக அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. என் மனைவி கோமளம்கூடப் பின்னால்தான். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனபோது முன்னால் உட்கார்ந்தேன், அதோடு சரி என்று அவள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆகஸ்ட் 16, சனி

சர்க்கரை 8.8. டாக்டர் பார்த்தால் திட்டுவார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் செய்கிற ஒவ்வொரு பிளேட்டின் பின்பக்கத்திலும் ஆணியால் தேதியைக் கீறி, பக்கத்தில் 'த' போடுவேன். த என்றால் தட்சணாமூர்த்தி. ஒரு வருஷத்துக்குள் எழுத்து உரிந்தால் சும்மா ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நாலு வருஷம் ஆன பிளேட்டைக் கொண்டு வந்து போன மாதம்தான் போட்டேன் என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். திருப்பிக் காட்டினால் பேச்சு நின்றுவிடும்.

கிராணியாரின் முன் பிளேட்டின் பின்பக்கத்தில் 17.4.04 என்று கீறியிருக்கிறது. பக்கத்தில் 'த' இருக்கிறது.

துண்டைப் பிரித்ததுமே பார்த்துவிட்டேன். இன்றுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சர்க்கரை 9.1.

கோமளத்துக்கு இது தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரிந்தால்தான் என்ன, அவர் படிக்கப்போவது எண்ணை மட்டும். அதனால் எழுதுகிறேன்.

2004 ஏப்ரல் 16, வெள்ளிக்கிழமை. நாகாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலை முடிந்து சிம்பாங் சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது, ஏழு மணிகூட ஆகவில்லை. எதிரே வந்த காடி ஒன்று லோரியை முந்த முயன்று அவனை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவன் பர்ஸ் எங்கோ விழுந்துவிட்டதால் ஆஸ்பத்திரியில் ஆள் யார் என்று தெரியவில்லை. நண்பன் வீட்டில் தங்கிவிட்டான் என்று நாங்கள் இருந்துவிட்டோம். எங்களுக்குத் தகவல் வந்தது மறுநாள் பன்னிரண்டு மணிக்கு.

மறுநாள் காலை எட்டரைக்கு ஒருவர் உடைந்த முன் பிளேட்டோடு வந்தார். அவசரம் என்றார். பத்தரைக்குள் செய்து கொடுத்தேன். தேதி கீறினேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. இது சத்தியம்.

இரண்டு நாள் கழித்து நாகா கண் விழித்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காடி என்ன நிறம், என்ன எண் என்று கேட்டதற்கு எதுவும் நினைவில்லை என்றான். ஒரு பறவை மட்டும் தெரிந்தது என்றான். மருந்து மயக்கத்தில் உளறுகிறான் என்று நர்ஸ் சொன்னாள்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சர்க்கரை 9.4.

முன் பிளேட்டு வேலை. பழைய எழுத்துகளைச் சூடு காட்டி எடுத்துவிட்டுப் புது எழுத்துகள் ஒட்டினேன். பறவையை வரைந்தேன். 2004-இல் வரைந்ததைவிட மோசம்.

பின்பக்கக் கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. அந்த வயதில் எனக்குக் கை பலம் அதிகம், ஆழமாகக் கீறியிருக்கிறேன். மெஷின் வைத்துத் தேய்த்தால் சத்தம் கேட்டு நாகா வந்து பார்ப்பான். அதனால் பூச்சு வைத்து அடைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்தேன். துருப் பிடிக்காமல் இருக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

சர்க்கரை 9.4. மழை விடவில்லை. பெயின்ட் காயவில்லை.

11-ஆம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். கிராணியார் ஏதோ பழைய கதை சொன்னார், முழுக்கக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். கேட்டேன். "முன்ன ஒரு வாட்டி உங்ககிட்டதான் தம்பி வந்தேன். மாட்டு மேல இடிச்சு முன்னாடி பிளேட் உடைஞ்சுபோச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார். அன்றைக்கும் மாடு என்றுதான் சொன்னார்.

ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சர்க்கரை 9.9. பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கிராணியாருக்கு போன் செய்தேன். அவர் எடுத்ததும் ஊர்வலத்துக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதைச் சொன்னார். 28-ஆம் தேதி தயாராக இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

சர்க்கரை 10.2.

மதியம் நான் கோப்பிக் கடைக்குப் போயிருந்தபோது நாகா முன் பிளேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறான். துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தானாம். பின்பக்கப் பெயின்ட் ஈரத்தில் பழைய பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"அலுமினியம் துருப் பிடிக்குமாண்ணே?"

முப்பத்தொரு வருஷத் தொழில். பின்பக்கத்துக்கு பெயின்ட் அடிக்கிற ஆள் இந்த நாட்டிலேயே கிடையாது. அலுமினியத்துக்குத் துரு என்று நான் இந்த நோட்டில் வேறு எழுதி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டார் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு ரேடியோவைப் போட்டான்.

பயமாக இருக்கிறது. அறுபது வயதில், தம்பி ரேடியோ போடுவதைப் பார்த்துப் பயம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடை விடுமுறை. சர்க்கரை 10.8.

கோமளமும் நானும் கோயிலுக்குப் போனோம். நாகா வரவில்லை. அவள் வழியில் பாகான் செராய்ப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாள். நாகாவுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். விபத்து நடந்து மூன்றாவது மாதம் மோதிரம் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் மகளே இப்போது காலேஜுக்குப் போகிறாளாம். நம்ம பிள்ளைக்குத்தான் ஒன்றும் அமையவில்லை என்றாள். நாகாவை அவள் பிள்ளை என்றுதான் சொல்வாள்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும்.

நாகா பறவை என்று சொன்னதைப் போலீஸ் உளறல் என்று விடவில்லை. அந்தத் தொடரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கார்ப்பரல் ஊரில் உள்ள நம்பர் பிளேட் கடை ஒவ்வொன்றாக ஏறி, பறவை பிளேட் உடைந்து யாராவது கொண்டு வந்தார்களா என்று கேட்டார். என் கடைக்கும் வந்தார். நல்ல மனிதர், அடிபட்டவன் என் தம்பி என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

இல்லை என்றேன்.

இலாகா கடிதம் இல்லாமல் அந்தப் பறவையைக் கையால் வரைந்து கொடுக்க எனக்கு அனுமதி கிடையாது. அவர் அவசரப்படுத்தியதில் அப்படிச் செய்துவிட்டேன். சொன்னால் லைசென்ஸ் போயிருக்கும். கடை போனால் நாகாவின் சிகிச்சையை யார் பார்ப்பது? பறவை உள்ள காடி மாநிலத்தில் எத்தனையோ ஓடின, இவர்தான் என்று என்ன நிச்சயம்? இப்படியெல்லாம் அன்றைக்கு நினைத்தேன். இதில் எது காரணம், எது சாக்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கார்ப்பரல் படி இறங்கியதும் அவர் பின்னால் ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. எனக்கு இரண்டு காலும் இருந்தன. ஓடவில்லை.

பிறகு நாகாவை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். கடையில் வேலை கொடுத்தேன். அண்ணன் என்றால் தட்சணாமூர்த்தி மாதிரி இருக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சர்க்கரை 10.9. ஏழு பிளேட்டுகள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சர்க்கரை 11.3.

கடை திறந்ததும் முன் பிளேட்டு மேசைமேல் குப்புறக் கிடந்தது. பின்பக்கத்தில் பெயின்ட் இல்லை. பூச்சும் இல்லை. தின்னர் போட்டுத் துடைத்து, கீறலுக்குள் ஊசியால் நோண்டிச் சுத்தம் செய்திருந்தான். 17.4.04. த. நேற்றுக் கீறியது போலப் பளிச்சென்று இருந்தது.

முன்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். என் பறவையை அழித்துவிட்டு அவனே வரைந்திருந்தான். மிக அழகாக இருந்தது. இறகு இறகாக வரைந்திருக்கிறான்.

நாகா லோரிக்காரருக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. மாலை வீட்டுக்கு வரும்போது முன்சீட்டில்தான் உட்கார்ந்தான். மழை பெய்தது. வைப்பர் சத்தம் மட்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

சர்க்கரை 11.6. ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

சர்க்கரை 11.9.

கிராணியார் பதினோரு மணிக்கு வந்தார். மகளை காடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நாகா காலை மாட்டிக்கொண்டு எழுந்து அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். வாடிக்கையாளர்களுக்கு அவன் எழுந்திருப்பதே இல்லை, நான்தான் எழுவேன்.

பின் பிளேட்டை முதலில் காட்டினான். கிராணியார் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். பறவையை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் முன் பிளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆனால் கொடுக்காமல், நாகா கேட்டான்.

"ஐயா, இந்த முன்னாடி பிளேட் எப்படி உடைஞ்சுது?"

"அதுவா, ரொம்ப வருஷம் ஆச்சு தம்பி. சிம்பாங் ரோட்டுல ஒரு மாடு குறுக்க வந்திருச்சு."

"மாடு பொழைச்சுதா?"

கிராணியாரின் பார்வை கீழே இறங்கியது. நாகாவின் காலைப் பார்த்தார். கால்சட்டைக்குக் கீழே பிளாஸ்டிக் பாதம் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நிக்கலப்பா. பயந்துட்டேன்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

நாகா முன் பிளேட்டைப் பேப்பரில் சுற்றினான். இது இன்னும் காயவில்லை, பின் பிளேட்டை மட்டும் இப்போது எடுத்துப் போங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் வீட்டுக்கு ஆள் வரும் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கிராணியார் பின் பிளேட்டையும் எடுக்கவில்லை. சுற்றிக் கொண்டு வந்த துண்டை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு போனார். படியில் இறங்கும்போது நாகாதான் கை கொடுத்தான்.

அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று இருபத்தொரு வருஷமாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அவசரத்தில் வந்த பதற்றம் என்று நான்தான் எடுத்துக்கொண்டேன்.

மதியம் யாரும் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு நாகா தூரிகைகளைக் கழுவி ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து வைத்தான். என் பக்கம் திரும்பினான். நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"அவரு பயந்துட்டு ஓடிட்டாரு. அவருக்கு நான் மாடு. உனக்கு நான் யாருண்ணே?"

என் தம்பி என்று சொல்லியிருக்கலாம்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு இத எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். நீ வந்தா வா" என்றான். டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சர்க்கரை பார்க்கவில்லை.

இரவு கோமளத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. காலையில் நாகாவுக்கு மட்டும் தோசை சுட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு எனக்கு முன்பே கிளம்பிவிட்டான்.

ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் பேப்பரில் சுற்றிய பிளேட். நான் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம்.

சார்ஜன் ஒரு மலாய்ப் பெண். விபத்து நடந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். நாகா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பழைய கோப்பைத் தேடி எடுக்கச் சொன்னார். பிறகு பிளேட்டைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, இந்தத் தேதியை யார் கீறியது என்று கேட்டார்.

நாகா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தான். அது இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

"நான்தான்" என்றேன்.

அப்போது கடைகளில் விசாரித்திருப்பார்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன் என்றேன். ஏன் என்று கேட்டார். கடிதம், லைசென்ஸ், சிகிச்சை என்று இந்த நோட்டில் எழுதிய எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. பயந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். கிராணியார் சொன்ன அதே வார்த்தை.

ஒரு தாளைக் கொடுத்து எழுதித் தரச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடியில் தேதி போடுங்கள் என்றார். 29.8.25 என்று போட்டு, பழக்க தோஷத்தில் பக்கத்தில் 'த' போட்டுவிட்டேன். அது என்ன என்று கேட்டார். என் எழுத்து என்றேன். முழுக் கையெழுத்தும் வேண்டும் என்றார். போட்டேன்.

கிராணியார் எட்டு மணிக்கே தானாக வந்துவிட்டாராம். உள் அறையில் மகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்று சார்ஜன் சொன்னார். அவர் எனக்கு ஒரு மணி நேரம் முந்திவிட்டார்.

வெளியே மழை. நாகாவுக்கு டாக்சி கிடைக்கவில்லை. நான் காடியைப் படிக்கு அருகில் கொண்டு வந்து நிறுத்தி, இறங்கி, முன்கதவைத் திறந்து பிடித்தேன். முதுகு முழுக்க நனைந்தது. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு பின்கதவைத் தானே திறந்து, காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தான். அங்கே கால் நீட்ட இடம் போதாது. முன்சீட்டை முன்னால் தள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். ஓட்டு" என்றான்.

அண்ணே என்று சொல்லவில்லை. மெதுவாக ஓட்டினேன். வீடுவரை முன்சீட்டு காலியாகவே வந்தது.